சிவப்பில் எழுதிய பெயர்

தம்பி,

நீயும் சுஜினும் கொரியாவுக்குப் புறப்பட்ட அன்று எனக்குக் காய்ச்சல் என்று பிராங்பேர்ட் விமான நிலையத்தில் உன் அம்மா சொன்னாள் அல்லவா, அது பொய். எனக்கு ஒரு காய்ச்சலும் இல்லை. எசனில் நம் வீட்டுக் குசினி மேசையில், கோட்டு மாட்டி, சப்பாத்தும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல்நாள் மாலை நீ கேட்டதற்குப் பதில் இல்லாமல் உன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. "அப்பா, சுஜினின்ரை அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. பிழை விட்டிட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு ரெண்டு வரி காணும். அந்த மனிசன்ரை வீட்டிலைதான் நாங்கள் இனி இருக்கப் போறம். பிள்ளையும் அங்கைதான் பிறக்கப் போகுது. நீங்கள் எழுதாட்டி எந்த முகத்தோடை அங்கை வந்து பிள்ளையைப் பாக்கப் போறியள்?" என்றாய். நான் எழுதவில்லை. நீ போய் ஐந்து வாரமாகிவிட்டது. இப்போதும் அந்த இரண்டு வரியை எழுதவில்லை. அதற்குப் பதிலாக உனக்கு எழுதுகிறேன். உன் அம்மா வாசித்துத் திருத்தித் தருகிறேன் என்றாள். கொடுக்கவில்லை. திருத்தினால் இது அவளுடைய கடிதமாகிவிடும்.

நான் பிடிவாதக்காரன் என்று நீ எல்லோரிடமும் சொல்வாய். ஓம், அப்படித்தான். எட்டாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு படித்தது எல்லாம் நானாகப் படித்தது. கடையில் சாமான் சுற்றித் தந்த பத்திரிகைத் தாளில் ஆங்கிலம் படித்தேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதி விண்ணப்பத்தை நிரப்ப மற்றவர்கள் ஆள் பிடித்து அலைந்தபோது, நான் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக நானே நிரப்பினேன். அதில் இரண்டு பிழை இருந்ததால் நம் வழக்கு ஒரு வருடம் இழுபட்டது; அதை நீ பலமுறை சொல்லிக்காட்டியிருக்கிறாய். ஒருவரிடமும் கேட்காமல் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டவனுக்கு ஒரு கெட்ட குணம் வந்துவிடுகிறது. கேட்கவேண்டிய இடத்திலும் அவன் கேட்கமாட்டான். இதை என் குறையாக ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடந்தவற்றில் உன் குறையும் இருக்கிறது. அதையும் எழுதாமல் விடமாட்டேன்.

சுஜினை விரும்புகிறேன் என்று நீ சொன்ன நாளில் நான் கத்தியது உனக்கு நினைவிருக்கும். அவளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் கேட்டது, எந்தத் தகப்பனும் கேட்பது. "அவையின்ரை பரம்பரையிலை ஏதும் நோய், வருத்தம் இருக்கோ? விசாரிச்சனியோ?" என்றேன். "அப்பா, இது ஊர்ச் சம்பந்தம் இல்லை" என்றாய். "வருத்தம் ஊருக்கு ஊர் மாறுமோ? அவை வரேக்கை நானே கேக்கிறன்" என்றேன். நீ பயந்துபோனாய். "நான் விசாரிச்சிட்டன். ஒண்டும் இல்லை. தயவுசெய்து மேசையிலை வைச்சுக் கேட்டு மானத்தை வாங்காதேங்கோ" என்றாய். நான் நம்பினேன். நீ சொன்னால் நான் நம்புவேன் என்பது உனக்குத் தெரியும், அதனால்தான் சொன்னாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுஜினின் பெற்றோர் வீட்டுக்கு வந்தார்கள். சுஜினின் அப்பா பார்க், ஒரு பெட்டி பேரிக்காயைக் குழந்தையைத் தூக்கிவருவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். இருபது வருடம் இந்த ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த மனிதர். அவர் மனைவி ஹேசுக், ஆஸ்பத்திரியில் தாதி. உன் அம்மா வடை சுட்டு வைத்தாள். பார்க் வடையின் துளைக்குள்ளால் என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் இருவருடைய ஜேர்மனும் ஜேர்மன்காரருக்கே விளங்காதது, ஆனால் எங்களுக்குள் நன்றாக விளங்கியது. கொரிய மொழியிலும் அம்மா, அப்பா என்றுதான் கூப்பிடுவார்களாம். அதை அவர் சொன்னதும் நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். நான் உன் அம்மாவிடம் மெல்ல, "ரெண்டு சொல்லு ஒத்துப்போனதுக்கு ஒரு சம்பந்தமோ?" என்றேன். "இஞ்சேருங்கோ, வாயை வைச்சுக்கொண்டு வடையைச் சாப்பிடுங்கோ" என்றாள் அவள்.

ஹேசுக் அம்மா என்னிடம் என்ன வேலை என்று கேட்டார். ஆஸ்பத்திரி விரிப்புகள் துவைக்கும் இடத்தில் என்றேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுந்து நின்று எனக்குத் தலைகுனிந்தார். "நீங்கள் துவைத்த விரிப்பைத்தான் நான் ஒன்பது வருடமாக விரிக்கிறேன். ஒருநாளும் ஈரமாக வந்ததில்லை" என்றார். இந்த நாட்டில் என் வேலையைப் பற்றி எனக்கு ஒருவர் நல்ல வார்த்தை சொன்னது அதுதான் முதல்தரம். பிறகு என் பெயரைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டு, அதைப் பார்த்துத் தானும் ஒருமுறை எழுதி, அந்தத் தாளைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். எழுத்துக் கோணல்தான். ஆனாலும் அது என் பெயராக இருந்தது.

அதன் பிறகு நான் செய்ததை நீ மட்டும் அல்ல, உன் அம்மாவும் அறியவில்லை. நகர நூலகத்தில் கொரியப் பிள்ளைகளுக்கான அரிச்சுவடி ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் வேலையிடத்தில் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரு கட்டத்துக்குள் உட்காரும் எழுத்து அது. நம் உயிர்மெய் படித்தவனுக்குக் கடினம் இல்லை. என்னோடு வேலைசெய்த துருக்கிக்காரன், "அண்ணை, இந்த வயதில் யாருக்குக் காதல் கடிதம்?" என்று கேலிசெய்தான், 'அண்ணை' என்று கூப்பிட அவனுக்கு நான்தான் பழக்கியிருந்தேன். ஐந்து மாதத்தில் அவர்கள் மூவர் பெயரையும், உன் பெயரையும் பார்க்காமல் எழுத வந்தது. நல்ல இடம் வரும்போது எழுதிக் காட்டுவது என்று வைத்திருந்தேன். சரிதானா என்று ஒருதரம் சுஜினிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் எல்லாமே வேறாகியிருக்கும். நான் கேட்கவில்லை.

எசனில் உங்கள் பதிவுத் திருமணம் முடிந்து, அந்த இலையுதிர்காலத்தில் பார்க்கும் ஹேசுக் அம்மாவும் எங்களைக் கொரியாவுக்கு அழைத்துப்போனார்கள். உறவினருக்கு விருந்து நடந்த மறுநாள், சியோலுக்குத் தெற்கே இருக்கும் அந்தப் பழைய கிராமத்தைக் காட்டுவதற்குப் போனோம். நாட்டின் பல மூலைகளிலிருந்து பழைய வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து, ஆற்றோரம் அப்படியே திரும்பப் பூட்டி வைத்திருந்தார்கள். வைக்கோல் கூரை வீடுகள், ஓட்டு வீடுகள், ஒரு பிரபுவின் பெரிய மாளிகை. வெள்ளை உடுப்புப் போட்ட கிழவர்கள் வைக்கோலில் செருப்புப் பின்னிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் மரச் சுத்தியலால் மாறிமாறிச் சோற்றை இடித்துப் பலகாரம் செய்தார்கள். ஒருவன் கயிற்றின்மேல் நடந்துகொண்டே கீழே நின்றவர்களைக் கிண்டல் பண்ணினான். பார்க்குக்கு வாய் மூடவில்லை. தரைக்குக் கீழே அடுப்புப் புகையை ஓடவிட்டு அறையைச் சூடாக்கும் வீடு ஒன்றுக்குள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போனார். "நான் பிறந்த வீடும் இப்படித்தான். எசனில் முதல்நாள் சுரங்கத்துக்குள் இறக்கினார்கள். கரியும் சூடும். ஐயோ, என் வீட்டுத் தரைக்குக் கீழேதான் இறக்குகிறார்கள் என்று நினைத்தேன்" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குக் கோபம். அந்த நேரம் சண்டை நடந்த ஊரில் நம் வீட்டுக்குக் கூரை இருக்கிறதா இல்லையா என்று சொல்லக்கூட ஆள் இல்லை. இவர்கள் ஓர் ஓடு உடையாமல் வீட்டைப் பெயர்த்து, காப்பாற்றி, வாசலில் அனுமதிச்சீட்டும் விற்கிறார்கள். பார்க் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அவர் மகிழ்ச்சியைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

நீ உன் அம்மாவோடு குடிக்க ஏதாவது வாங்கப் போயிருந்தாய். ஒரு வீட்டு முற்றத்தில் வைக்கோல் புரிக் கயிறு கட்டி, அதில் நூற்றுக்கணக்கான வெள்ளைத் தாள்களை முடிச்சுப் போட்டிருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் பெயரும் விருப்பமும் எழுதிக் கட்டிவிட்டுப் போவார்களாம். பக்கத்தில் மேசை, தூரிகை, ஒரு சட்டியில் கறுப்பு மை. இதுதான் நான் காத்திருந்த இடம் என்று எனக்குப் பட்டது. ஆனால் கறுப்பு மையைக் கண்டதும் மனம் பின்வாங்கியது. கலியாணக் காரியத்துக்குக் கறுப்பில் எழுதுவதா? நம்மில் கறுப்புக் கரை போட்டு வருவது செத்தவீட்டு அறிவித்தல். கலியாணக் கடிதம் என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் பூசி, சிவப்பிலோ பொன்னிறத்திலோ பெயர் அச்சடிப்போம். நான் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்தேன். சுஜின் வீட்டில் மூத்த பெண் என்பதால் ஹேசுக் அம்மாவின் பெயரை முதலில் எழுதினேன். பிறகு பார்க், சுஜின், நீ. என் வாழ்நாளில் இவ்வளவு கவனமாக நான் எதையும் எழுதியதில்லை. இரண்டு கையாலும் அந்த அம்மாவிடம் நீட்டினேன்.

அவர் பார்த்தார். முகத்தில் என்னவோ ஒன்று வந்து போனது. பிறகு சிரித்தார், தம்பி. பல்லைக் காட்டாமல், மெதுவாக. "நீங்களாகவே படித்தீர்களா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "எவ்வளவு நாள்?" ஐந்து மாதம் என்றேன். "அழகான எழுத்து" என்றார். அதற்குள் பார்க் வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அடுத்த கணம் தாளை அந்த அம்மாவின் கையிலிருந்து பறித்து, நாலாகக் கிழித்து, துண்டுகளைத் தன் பைக்குள் திணித்தார். என்னைப் பார்த்து, "இல்லை, இல்லை" என்றார், வேறொன்றும் இல்லை. சுஜின் அழத் தொடங்கினாள். நான், "எழுத்துப் பிழையா?" என்று கேட்டுக்கொண்டு நின்றேன். அகதியின் கையால் தங்கள் பெயரை எழுதியது பிடிக்கவில்லை என்று எண்ணிக்கொண்டு, பேருந்தில் ஏறிக் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்தேன்.

விடுதி அறையில்தான் நீ சொன்னாய். "அப்பா, இஞ்சை சிவப்பிலை பேர் எழுதுறது செத்த ஆக்களுக்கு." "எனக்கு ஆர் சொன்னது? நீ சொல்லித் தந்தனியோ?" "கேட்டிருக்கலாம்தானே?" "ஓ, இனி எல்லாத்துக்கும் உன்னட்டை டெர்மின் எடுத்து, நாள் நேரம் குறிச்சுக் கேக்கிறன்!" என்று கத்தினேன். அப்போது நீ கட்டிலில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, "சுஜினின்ரை அம்மாவுக்குப் புற்றுநோய் அப்பா. ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒப்பரேசன் செய்தது. இப்ப திரும்பவும் வந்திட்டுது" என்றாய். உன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் உன்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். முதலே தெரிந்திருந்தும் ஏன் இல்லை என்று சொன்னாய்? "சொல்லியிருந்தால் வேண்டாம் எண்டிருப்பியள்" என்றாய்.

அது உண்மைதான். மூன்று வருடமாக யோசித்துவிட்டுச் சொல்கிறேன். நீ சொல்லியிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், பெண்ணுக்கும் வரும் என்றிருப்பேன், உன் அம்மாவை அழவைத்திருப்பேன். நீ பொய் சொல்லும்படி உன்னை வளர்த்தது நான். ஆனால் உன் பொய்யால் என்ன நடந்தது என்று நீயும் ஒருமுறை எண்ணிப் பார். நோயாளி என்று அறிந்திருந்தால், ஒரு நோயாளியின் பெயரை எந்த நிறத்திலும் எழுதி மரத்திலும் கயிற்றிலும் கட்ட நான் துணிந்திருப்பேனா? நாளைக்கு உன் பிள்ளை உன்னிடம் எதையாவது மறைத்தால், பிள்ளையை ஏசுவதற்கு முன்னால், நீ எதைக் கேட்டால் எப்படிப் பாய்வாய் என்று அது கணக்குப் போட்டிருக்கும் என்பதை நினைத்துக்கொள். அறிவுரை என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.

அடுத்த வசந்தத்தில் அந்த அம்மா தான் வேலைசெய்த ஆஸ்பத்திரியிலேயே போய்ப் படுத்தார். ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் அந்த ஆஸ்பத்திரி மூட்டைகள் என் கையால்தான் போய் வந்தன. விரிப்புகளை மடிக்கும்போது இரண்டுதரம் கையால் தடவிப் பார்ப்பேன், ஈரம் இருக்கிறதா என்று. அதைத் தவிர எனக்குச் செய்ய ஒன்றும் தெரியவில்லை. உன் அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "ஒருக்கா வாங்கோவன். அந்த மனிசி உங்களைக் கேட்டவ" என்றாள். பார்க் வாசலில் இருப்பார், வரமாட்டேன் என்றேன். மூட்டைகளில் பிரிவின் பெயரைச் சிவப்பு மையால் குறிப்பது அங்கே வழக்கம். அந்த வேலையைத் துருக்கிக்காரனிடம் கொடுத்துவிட்டேன். நான் இப்படியான நம்பிக்கைகள் ஒன்றும் இல்லாதவன் என்று உனக்குத் தெரியும். இருந்தும் கொடுத்துவிட்டேன். அந்த அம்மாவின் செத்தவீட்டில் கடைசி வரிசையில் நின்றேன். பார்க் என்னைக் கடந்துபோனார், பார்க்கவில்லை. சில மாதத்தில் வீட்டைக் காலிசெய்துகொண்டு தன் ஊருக்கே திரும்பிவிட்டார்.

நீ கேட்ட இரண்டு வரியை நான் ஏன் எழுதவில்லை என்று இப்போது விளங்குகிறதா? மானம் இல்லை. பிழை விட்டேன் என்று கையெழுத்துப் போட்டால், என் பேனை ஏதோ செய்தது என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். செய்யவில்லை என்று என் புத்தி சொல்கிறது. வேறு ஏதோ ஒன்று கேட்கமாட்டேன் என்கிறது. அதை ஒரு தாளில் எழுதிவைத்து, இன்னொரு மனிதர் வாசிக்க, என்னால் ஏலாது.

"எழுத ஏலாட்டி ரெலிபோன் எடுத்துக் கதையுங்கோ. அதுக்கும் ஏலாட்டி எந்நேரமும் மாட்டிக்கொண்டிருக்கிற அந்தக் கோட்டைக் கழட்டி வையுங்கோ, பாக்கச் சகிக்கேல்லை" என்று உன் அம்மா சொன்னாள். போன ஞாயிற்றுக்கிழமை மதியம், நீயும் சுஜினும் அவளுடைய சித்தி வீட்டுக்குப் போயிருந்த நேரம், எடுத்தேன். பார்க்தான் எடுத்தார். நான் பெயரைச் சொன்னேன். எங்கள் பழைய இலக்கணமில்லாத ஜேர்மனில், "பிள்ளைகள் இல்லை. பிறகு எடும்" என்றார். "உம்மோடுதான் பேசவேண்டும். அந்தத் தாள் பற்றி" என்றேன். "மகன் என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்கிறான்" என்றேன். "எதற்கு?" என்றார். "சிவப்பில் எழுதியதற்கு." அவர் மூச்சுவிடுவது கேட்டது. சுரங்கத்து மூச்சு, உனக்குத் தெரியும்.

"அவள் ஆஸ்பத்திரியில் அந்தத் தாளைக் கேட்டாள்" என்றார். "ஒரு மனிதர் இந்த வயதில் ஐந்து மாதம் உட்கார்ந்து என் பெயரை எழுதப் பழகினார், அதைக் கொண்டுவா, பார்க்கவேண்டும் என்றாள். நான் அதைக் கிழித்து அந்த ஊரிலேயே குப்பையில் போட்டுவிட்டேன். வீட்டில் இருக்கிறது, நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று பொய் சொன்னேன். அடுத்த நாளும் கேட்டாள். நாளைக்கு என்றேன். கடைசிவரை நாளைக்கு என்றேன். உம்மைக் கண்டால் எனக்கு அது வருகிறது. வேறொன்றும் இல்லை. நீர் பிழை செய்யவில்லை. நீர் என்னைக் கூப்பிடாதேயும்." வைத்துவிட்டார்.

தம்பி, ட்ராமில் ஏறினால் இருபது நிமிடம் அந்த ஆஸ்பத்திரி. ஒரு தாள், ஒரு கறுப்புப் பேனை, மூன்று கொரிய எழுத்து. ஒரு நிமிட வேலை. கட்டில் ஓரத்தில் வைத்தே எழுதிக் கொடுத்திருப்பேன். பார்க்குக்கு என்னைக் கேட்க வாய் வரவில்லை, எனக்குப் போகக் கால் வரவில்லை. அவர் என்னை வெறுக்கிறார் என்று எண்ணி நான் ஒளித்தேன். தான் சொன்ன பொய்யை நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று அவர் ஒளித்தார். நடுவில் அந்த அம்மா காத்துக்கொண்டிருந்தார். இதற்கு யாரிடம் போய் எந்த மன்னிப்பைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கேட்காத ஒன்றை அவர் பெயரால் நீ என்னிடம் கேட்டாய். அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது. ஆனால் பெரிதாக இல்லை. இதைச் சுஜினிடம் சொல்வதா என்று கேட்காதே. மறைக்காதே என்று மேலே எழுதிவிட்டு, சொல்லாதே என்று கீழே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. தகப்பனைப் பற்றி அவள் அறிந்தால் எப்படித் தாங்குவாள் என்றும் தெரியவில்லை. நீதான் அவளோடு வாழ்கிறவன்.

பிள்ளை பிறக்கும்போது நான் அங்கே வருவேனா என்று என்னால் சொல்ல முடியாது. அந்த வாசல் பார்க்கினுடையது. அவர் கூப்பிடாமல் வரமாட்டேன். ஆனால் கூப்பிடாதேயும் என்று அவர் சொன்னதை நான் கேட்கப் போவதில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இங்கே மதியம் ஆனதும் எடுப்பேன். உங்களுக்கு அப்போது இரவுச் சாப்பாட்டு நேரமாக இருக்கும். அவர் எடுக்காமல் விடட்டும், எடுத்து வைத்துவிடட்டும், அது அவருடைய பாடு. உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. மணி அடிக்கும்போது சாப்பாட்டை விட்டு எழுந்து நீ ஓடிப்போய் எடுத்துவிடாதே. அடிக்கட்டும்.

அப்பா